நாற்று முற்றும் முன்

வில்பட்டியில் விடிவதற்கு முன்பே முருகன் கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடும். பள்ளத்தாக்கு முழுக்க அந்தப் பாட்டு மோதித் திரும்பும். படிப்படியாய் இறங்கும் வயல்களில் பூண்டுக்கும் கேரட்டுக்கும் தண்ணீர் பாய்ச்ச வந்தவர்கள் காதோடு துண்டை இறுக்கிக்கொண்டு வேலையில் இறங்கியிருப்பார்கள். அங்கிருந்து கொடைக்கானல் ஊரைக் கடந்து வத்தலக்குண்டு சாலையில் மறுபுறம் இறங்கினால் செண்பகனூர். அங்கே இயேசு சபையின் திருஇருதயக் கல்லூரியில் 1895இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இதே இருட்டு நேரத்தில் ஒரு மணி அடித்தது. அடித்த பிறகு எந்தப் பாட்டும் எழவில்லை. இளம் துறவிகள் எழுந்து முகம் கழுவி, யாரோடும் பேசாமல், ஆளுக்கொரு மூலையில் முழந்தாளிட்டார்கள். பக்தி ஒரே மலையின் ஒரு சரிவில் ஊர் கேட்க ஒலித்தது, மறுசரிவில் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்கவில்லை.

செமினாரி என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு நாற்றங்கால் என்று பொருள். திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563இல் மறைமாவட்டந்தோறும் குருமடம் வேண்டும் என்று ஆணையிட்டபோது அந்தச் சொல்லைத்தான் கையாண்டது. வில்பட்டி விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முட்டைக்கோசு விதையை நேரே வயலில் தூவுவதில்லை; மேட்டுப்பாத்தியில் நெருக்கமாய் விதைத்து, பனியும் வெயிலும் நேரே படாமல் மூடி வளர்த்து, பிறகுதான் பிடுங்கி நடுவார்கள். மூடாவிட்டால் கருகும். பாத்தியிலேயே அதிக நாள் விட்டாலும் கெடும்: தண்டு நீண்டு, வேர் சுருண்டு, வயலுக்குப் போனபின் மண்ணைப் பிடிக்காது. நாற்று முற்றிவிட்டது என்பார்கள். கிறிஸ்தவ இறையியல் மாணவர்களின் ஜெபத்தையும் கூட்டுவாழ்வையும் பற்றித் தமிழ்நாட்டில் நடந்திருக்கும் வாதங்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வருகின்றன. எவ்வளவு நாள் மூடி வைப்பது? எப்போது பிடுங்கி நடுவது?

முதலில் ஏன் மலை ஏறினார்கள்? அதற்குக் காரணம் ஆன்மிகம் என்பதைவிடச் சாவு என்பதுதான் சரி. 1838இல் புதிய மதுரை மிஷனைத் தொடங்க வந்த பிரெஞ்சு இயேசு சபையாரில் பலர் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இளவயதிலேயே பலியானார்கள். அமெரிக்க மதுரை மிஷனின் கதையும் அதுவே. 1845இல் அவர்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கவனிக்க வேண்டிய செய்தி, அவர்களுடைய செமினாரி அதே 1845இல் திருமங்கலத்திலிருந்து பசுமலைக்குப் போனது. அதாவது மிஷனரிகள் ஓய்வுக்கு மலை ஏறினார்கள், தமிழ் மாணவர்களைச் சமவெளியிலேயே வைத்துக்கொண்டார்கள். இயேசு சபையார் அப்படிப் பிரிக்கவில்லை, படிக்கிறவர்களையே மேலே கொண்டுபோனார்கள். மோட்டார் சாலை இல்லாத காலம். நடையோ குதிரையோ டோலியோதான். அப்படி ஏறிய ஒருவன் அவ்வளவு எளிதில் இறங்கமாட்டான்.

செண்பகனூரில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது? இயேசு சபையின் பழைய ஒழுங்கு உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் ஒரு மணி நேரத் தியானம். அதற்கான குறிப்புகளை முந்தின இரவே மனத்தில் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். பிறகு திருப்பலி. மதிய உணவுக்கு முன் கால்மணி நேரம், இரவில் கால்மணி நேரம் ஆன்மச் சோதனை: இன்று எங்கே நன்றி சொல்ல இருந்தது, எங்கே சறுக்கினேன். செபமாலை, மன்றாட்டு மாலை. சாப்பாட்டு அறையில் பேச்சில்லை. ஒருவர் மேடையேறிப் புத்தகம் வாசிக்க மற்றவர்கள் கேட்டபடி உண்பார்கள். பாடம் லத்தீனில். இராயப்பனும் சவரிமுத்துவும் பிரெஞ்சுக்காரரோடு லத்தீனில் பேசிக்கொள்ள வேண்டிய நிலைமை இன்று சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் யாருக்குமே தாய்மொழியாக இல்லாத மொழியில் எல்லோரும் ஒரே அளவு திணறினார்கள். அதிலும் ஒருவகைச் சமத்துவம் இருந்தது.

இந்த ஒழுங்கைச் சிறை என்று எழுதுவது இப்போது எளிது. முன்னாள் மாணவர்கள் சிலர் அப்படியே சொல்லவும் செய்வார்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த நவதுறவுப் பயிற்சியை உற்றுப் பாருங்கள்: முப்பது நாள் மௌனத் தியானம் ஒன்று, அதே வரிசையில் ஒரு மாதம் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை, ஒரு மாதம் கையில் காசில்லாமல் பிச்சையெடுத்தபடி பயணம், வீட்டில் அடிமட்ட வேலைகள், சிறுவர்களுக்கு மறைக்கல்வி. தியானம் பட்டியலில் ஓர் அங்கம் மட்டுமே. பாத்தியை மூடுவதும் திறப்பதும் அங்கே சேர்ந்தே எழுதப்பட்டிருந்தது. பின்னால் வந்த நிறுவனங்களுக்கு மூடுவது கைவந்த கலையானது. திறப்பதுதான் மறந்து போயிற்று.

செண்பகனூர் முழுக்க மறக்கவில்லை என்பதற்குச் சான்று பாசி. இயேசு சபை இல்லங்களில் வாரத்தில் ஒரு நாள் வகுப்பில்லாத நடைநாள். காட்டுக்குள் நடந்தவர்களில் சிலர் வெறுங்கையோடு திரும்பவில்லை. அருட்தந்தை லூயி ஆங்லாத் பழனி மலையின் செடிகளை வண்ணத்தில் வரைந்தார். மலைமேல் சிதறிக் கிடந்த கற்பதுக்கைகளை அவர் நியூட்டன் அடிகளோடு சேர்ந்து அளந்து எழுதிய ஆய்வை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. ஜார்ஜ் ஃபோரோ பாறையிலும் மரத்தண்டிலும் படர்ந்த பாசிகளுக்காக வாழ்நாளைச் செலவிட்டார். அந்த மரபில் வந்த கே. எம். மாத்யூ அடிகள் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999இல் கொண்டுவந்தார். இவர்களுடைய சேகரிப்பிலிருந்து வளர்ந்த செண்பகனூர் அருங்காட்சியகத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தவர்கள் நம்மில் பலர். பாடம் செய்த பறவைகளைக் கண்டு வியந்துவிட்டு வந்திருப்போம். அது ஒரு ஜெப மரபின் விளைச்சல் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. எல்லாவற்றிலும் இறைவனைக் காண் என்று படித்தவன் ஒரு பாசியை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதை வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

ஆனால் அவர்கள் பாசியைப் பார்த்த அளவு சுற்றியிருந்த மனிதரைப் பார்த்தார்களா என்ற கேள்வி வரும். அத்தனை பேருக்குச் சோறு வடித்தவர்கள், விறகு சுமந்தவர்கள், துணி துவைத்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? சிற்றாலயத்தில் அவர்களுக்கு எந்த இடம்? இங்கிருந்துதான் ஜெபத்தைப் பற்றிய பேச்சு சாப்பாட்டுப் பந்திக்கு நகர்கிறது. என் கணிப்பில் நம் நாட்டு இறையியல் கல்விக்கூடங்களின் ஆன்மிக வரலாற்றைச் சிற்றாலயத்தில் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். சாப்பாட்டு அறையில் தேடினால் நிறையவே கிடைக்கும்.

பசுமலைக்குத் திரும்புவோம். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியர்களிடம் ஒரு சோதனை வைத்தது. சாதியை விட்டுவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். உபதேசியார்கள் பலர் வேலையை விட்டார்கள். செமினாரியும் ஆட்டம் கண்டது. அதுவரை அவர்கள் காலையும் மாலையும் கூடி ஜெபித்தவர்கள், ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடியவர்கள். ஒரு கவளம் சோறுதான் அத்தனை ஜெபத்தையும் எடை போட்டது. மிஷனரிகள் செய்த முறை முரட்டுத்தனமானது, பிறர் வீட்டு வழக்கத்தைப் பரீட்சையாக்கிய அதிகாரம் அதில் இருந்தது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. அந்த மிஷனரிகளில் எத்தனை பேர் தம் சமையல்காரரோடு ஒரே மேசையில் உண்டார்கள் என்றும் கேட்கலாம். இருந்தாலும் அவர்கள் கை வைத்த இடம் சரியான இடம்.

கத்தோலிக்கத் தரப்பில் மேலிருந்து வந்த கண்டிப்பு வேறுவிதம். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில் கால்சட்டைபோல் இரண்டு கிளையாகப் பிரிந்து பீடத்தில் சேரும். இரு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பூசை காண்பதற்கான கட்டடக்கலை அது. இடையிலிருந்த தடுப்பை 1910இல் கௌசானல் அடிகள் காலத்தில் இடித்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், தனி இடம் கேட்டவர்கள் தோற்றார்கள். செண்பகனூரில் மாணவர்கள் லத்தீனில் தத்துவம் படித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்! அவர்கள் இறங்கிப் போகவேண்டிய வயல் எப்படிப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாய் யாரும் சொல்லியிருக்க முடியாது. அது பழங்கதையும் இல்லை. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் ஒரே பங்கின் தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் மூண்ட மோதலில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது.

குருமடத்துக்கு வரும் இளைஞன் இப்படிப்பட்ட பங்குகளிலிருந்துதான் வருகிறான். அங்கே யாரும் அவனிடம் நேரே சாதி கேட்பதில்லை. எந்தப் பங்கு, கோயிலுக்குக் கிழக்கேயா மேற்கேயா வீடு, உங்கள் ஊர் சாமியார் இப்போது யார் என்று கேட்பார்கள். மூன்றாவது கேள்விக்குள் விடை கிடைத்துவிடும். ஆனாலும் வாழ்க்கையில் முதல்முறையாக எல்லோரோடும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்கும் இடம் பலருக்கு இதுதான். ஆறேழு ஆண்டு அப்படி நின்றவன் பிறகு பங்குக்குப் போய் அங்கே சாதிக்கொன்றாய் இருக்கும் இரண்டு சவக்கோட்டைகளுக்கு நடுவில் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதில்தான் அவன் தியானம் செய்தானா என்பது தெரியும்.

வெளியுலகிலிருந்து ஓர் உதாரணம். ஜெர்மனியில் நாஜி ஆட்சிக்குப் பணிய மறுத்த சபையாருக்காக டீட்ரிக் போன்ஹோஃபர் ஃபின்கென்வால்டே என்ற இடத்தில் 1935 முதல் ஒரு குருமாணவர் இல்லம் நடத்தினார். அங்கேயும் தினமும் மௌனத் தியானம் உண்டு, மாணவர்கள் முணுமுணுத்தார்கள். இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அங்கிருந்த முக்கியமான சட்டம். தமிழ்நாட்டு விடுதி எதிலாவது இந்த ஒரு சட்டம் ஒரு வாரம் தாக்குப்பிடிக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒருநாள் சமையலறையில் பாத்திரம் கழுவ ஆள் கேட்டபோது ஒருவரும் எழவில்லை. போன்ஹோஃபர் பேசாமல் எழுந்து போய்க் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு தானே கழுவி முடித்தார். பின்னால் ஓடிவந்தவர்களை உள்ளே விடவில்லை. 1937இல் கெஸ்டாப்போ அந்த இல்லத்தை மூடியது. ஆசிரியர் மாணவர் உறவைப் பற்றி எழுதப்பட்ட கனமான புத்தகங்களைவிட அந்தத் தாழிட்ட கதவு எனக்கு அதிகம் சொல்கிறது.

மலையிலிருந்து இறங்கும் காலம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு வந்தது. 1965இல் வெளியான குருத்துவப் பயிற்சி பற்றிய ஆணை, மாணவனை மக்களின் வாழ்க்கையோடு பழக்க வேண்டும் என்றது. பெத்ரோ அருப்பே தலைமையில் 1974-75இல் கூடிய இயேசு சபையின் 32ஆம் பொதுப்பேரவை, விசுவாசப் பணியையும் நீதிக்கான போராட்டத்தையும் பிரிக்க முடியாது என்று முடிவெடுத்தது. செண்பகனூரின் தத்துவப் படிப்பு சென்னைக்கு இறங்கி, திருவான்மியூர் சத்திய நிலையமாகத் தொடர்ந்தது. இறையியலைத் தமிழில் படிக்கச் சென்னையிலேயே அருள் கடல் தொடங்கப்பட்டது. நவதுறவிகளுக்குத் திண்டுக்கல் பெஸ்கி கல்லூரி. மலையில் எஞ்சியது தியான இல்லமும் அருங்காட்சியகமும் நினைவும்.

சீர்திருத்தச் சபையார் தரப்பில் இதைவிடத் துணிச்சலான பரிசோதனை மதுரையில் நடந்தது. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து 1969இல் உருவாக்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி அரசரடியில் இருக்கிறது. பாடம் தமிழில். ஒரு காலத்தில் மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறிக் குடிசைப் பகுதிகளில் தங்கியே படித்தார்கள். குழாயடியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்துவிட்டு வந்தவன் மாலையில் ஆமோஸ் தீர்க்கதரிசியைத் திறந்தால் வரிகள் வேறுவிதமாய்த்தான் படும். அங்கே இசை கற்பித்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று தன்னை அழைத்துக்கொண்டவர், கீர்த்தனைக்கும் பியானோவுக்கும் பழகியிருந்த சிற்றாலயத்துக்குள் பறையைக் கொண்டுவந்தார். சாவு வீட்டுக் கருவி, தீண்டாமையின் அடையாளம் என்று கிறிஸ்தவர்களே ஒதுக்கிவைத்த பறை அது. அவர் ஆராதனைக்கு வகுத்த மையக் கருத்து ஒரு உலை: கடவுளின் குடும்பம் ஒரே உலையில் சமைத்து ஒன்றாய் உண்ணும் குடும்பம். நாக்கில் ஒட்டும் மெல்லிய அப்பத்தோடு நற்கருணை முடிந்துவிடுவதை அவர் ஏற்கவில்லை. பசியாறச் சாப்பிடாமல் என்ன பந்தி? 1847இல் மேலிருந்து விதித்த சோதனையை, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கீழிருந்து வந்த ஒருவர் பாட்டாக்கி விருந்தாக்கினார் என்று நான் இதைப் படிக்கிறேன். அவர் 2005இல் மறைந்தார். அவருடைய பாடல்களை இன்று கிராமங்களில் யார் எழுதியது என்று தெரியாமலே பாடுகிறார்கள்.

இந்தப் பக்கமும் ஒரு குறை உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. போராட்டமே ஜெபம் என்று சொல்லத் தொடங்கியவர்களில் சிலருக்குக் கடைசியில் இரண்டும் இல்லாமல் போயிற்று. ஊர்வலத்தில் முன்னால் நின்றவனுக்கு, மரணப்படுக்கையில் கையைப் பிடித்துக்கொண்டு ஐயா ஜெபம் பண்ணுங்க என்று ஒரு பாட்டி கேட்டபோது வார்த்தை வரவில்லை. தனியாக அரைமணி நேரம் அமர்ந்திருக்கத் தெரியாதவன் கூட்டத்தோடும் நெடுநாள் இருக்கமாட்டான். பழனி மலையின் பழைய மணிக்கு இந்த அளவில் நியாயம் கிடைக்க வேண்டும்.

சிற்றாலயத்துக்கும் வகுப்பறைக்கும் இடையே இன்னொரு விரிசல் இருக்கிறது. கத்தோலிக்கர் செபம் என்று எழுதுவதும் மற்றவர்கள் ஜெபம் என்று எழுதுவதும் எழுத்து வேறுபாடு மட்டும்தான். இந்த விரிசல் இருவருக்கும் பொது. கிராமத்து முழு இரவு ஜெபத்திலும், விடுமுறை வேதாகமப் பள்ளியிலும், அம்மாவின் அதிகாலைக் கண்ணீரிலும் வளர்ந்த பையன் இறையியல் கல்லூரியில் முதல் ஆண்டு உட்காருகிறான். ஐந்தாகமங்களை மோசே ஒருவரே எழுதவில்லை, பல மரபுகள் பின்னப்பட்டவை என்று ஆசிரியர் கரும்பலகையில் மரபுக்கு ஒன்றாய் நான்கு எழுத்துகளைப் போட்டு விளக்குகிறார். அன்று இரவு அவனால் பழையபடி ஜெபிக்க முடிவதில்லை. ஊருக்குப் போனால் சபையார் காலேஜுக்குப் போய் விசுவாசத்தைத் தொலைச்சிட்டு வந்துட்டான் என்பார்கள் என்ற பயம் வேறு. சிலர் தேர்வுக்கு ஒரு வேதமும் பிரசங்கத்துக்கு ஒரு வேதமும் வைத்துக்கொள்கிறார்கள். அப்படியே ஓய்வுபெறும்வரை ஓட்டிவிடுகிறவர்களும் உண்டு. அந்த இரவில் அவன் கதவைத் தட்டி, எனக்கும் இப்படித்தான் இருந்தது, வா, டீ குடிக்கலாம் என்று சொல்லும் ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். நூலக நிதியைவிட அவசரமான தேவை அது.

ஆனால் அந்தக் கதவை மாணவன் திறப்பானா? ஜெபத்துக்கு வருகைப் பதிவேடு வைத்திருக்கும் இடத்தில், ஆண்டுக்கு ஒருமுறை ஆயருக்கு அறிக்கை போகும் இடத்தில், தன் சந்தேகத்தை அவன் யாரிடம் சொல்வான்? கத்தோலிக்கச் சட்டத்தொகுப்பு இந்தச் சிக்கலை முன்பே கண்டிருக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 240ஆம் விதிப்படி, ஒருவனைக் குருவாக்குவதா, வெளியேற்றுவதா என்று முடிவெடுக்கும்போது அவனுடைய ஆன்ம குருவிடமோ பாவசங்கீர்த்தனம் கேட்டவரிடமோ கருத்துக் கேட்கவே கூடாது. அதிபர் வேறு, ஆன்ம குரு வேறு. ஒருவருக்கு அதிகாரம், மற்றவருக்குக் காது. சீர்திருத்தச் சபைக் கல்லூரிகளில் இந்தப் பிரிவினை இவ்வளவு இறுக்கமாய் இல்லை. மதிப்பெண் போடுகிறவரே ஆலோசகர், சில சமயம் அவரே மாணவனை அனுப்பிய பேராயத்தின் உறவுக்காரர். ஈடாக அவர்களிடம் வேறொன்று இருக்கிறது. மணமான மாணவர்கள் மனைவி மக்களோடு வளாகத்தில் குடியிருக்கிறார்கள், பெண்களும் படிக்கிறார்கள். குழந்தை அழும்போது நடக்கும் குடும்ப ஜெபத்துக்கு எந்த மடத்து மௌனமும் தராத ஒரு பயிற்சி இருக்கிறது: குறுக்கீட்டை ஏற்றுக்கொள்ளும் பயிற்சி.

செண்பகனூரிலிருந்து சாலையில் இன்னும் இறங்கினால் பெருமாள்மலை. அங்கே இயேசு சபைக் குருவும் ஜப்பானில் யமதா கோவுனிடம் ஜென் கற்றவருமான ஆமா சாமி 1996இல் போதி ஜெண்டோவைத் தொடங்கினார். வருகிறவர் எந்த மதமோ எந்த நாடோ, சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பிறகு தோட்ட வேலையிலும் பங்கெடுக்க வேண்டும். லத்தீன் போய்விட்டது, மன்றாட்டு மாலை போய்விட்டது. மௌனம் மட்டும் அதே மலையில் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. இது கிறிஸ்தவமா என்று கேட்பவர்களிடம் வாதாட எனக்கு ஆர்வமில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. இங்கே வந்து உட்காருகிறவர் சில நாளில் ஊர் திரும்பிவிடுவார். பக்கத்தில் படுத்தவனின் குறட்டையையும் சாதியையும் பொறாமையையும் ஏழாண்டு தாங்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. குருமடத்தின் மௌனத்துக்கு அந்தக் கட்டாயம்தான் எடை.

கடைசியாக வில்பட்டி போனபோது மேட்டுப்பாத்தி ஒன்றின் முன்னால் நின்றேன். மூடியிருந்த வைக்கோலை ஒரு பெண்மணி பாதி மட்டும் விலக்கியிருந்தார். ஏன் பாதி என்றேன். காலையில கொஞ்சம் வெயில் காட்டணும் சார், மதியம் மூடிருவோம், இப்படியே பத்து நாள் பழக்கினாத்தான் வயல்ல நிக்கும் என்றார். எத்தனை நாளில் பிடுங்குவீர்கள் என்று கேட்டேன். நாளெல்லாம் யார் எண்ணுறா, தண்டைத் தொட்டுப் பாத்தா தெரியும் என்று சொல்லிக்கொண்டே அடுத்த பாத்திக்கு நகர்ந்துவிட்டார்.